வெட்டுக்கிளி, ஒட்டகம், தோணி

குதிரையை அங்க வைக்காதீங்க அண்ணாச்சி, மூலையில பிஷப்பு பாத்துக்கிட்டு இருக்கு. மன்னிச்சுக்கிடுங்க. அடுத்தவங்க போனுக்குள்ள எட்டிப் பாக்குறது தப்புதான். கீழக்கரையில ஏறினதுலேருந்து கண்ணை அந்தப் பக்கம் கொண்டுபோகக் கூடாதுன்னுதான் உக்காந்திருக்கேன். முடியல. செஸ் கட்டத்தைப் பாத்தா எனக்கு அப்படித்தான்.

எங்க இறங்குதீங்க? வேம்பாரா. அப்ப நேரம் கிடக்கு. நான் தூத்துக்குடி. பேரு கஸ்பார் பர்னாந்து. இருபத்தாறு வருசம் கப்பல்ல பிட்டரா இருந்தேன். பிட்டர்னா என்ஜின் ரூம்ல லேத்து ஓட்டுறது, வெல்டிங் வைக்கிறது, குழாய் ஒடஞ்சா ஒட்டுறது. இப்ப கடலுக்குப் போறதில்ல. நெஞ்சுல ஒரு கோளாறு.

உங்ககிட்ட ஒண்ணு கேக்கேன். இந்த ஆட்டத்துல ராஜா, ராணி, யானை, பிஷப்பு, குதிரை, சிப்பாய், இவ்வளவுதான் காய்னு நெனைக்கீங்களா? நானும் அம்பத்திரண்டு வயசு வரைக்கும் அப்படித்தான் நெனச்சேன். வெட்டுக்கிளின்னு ஒரு காய் இருக்கு, தெரியுமா? ஒட்டகம்னு ஒண்ணு. நான் விளையாட்டுக்குச் சொல்லல, என் கையால பித்தளையில கடைஞ்சே வச்சிருக்கேன். நீங்க போனை உள்ள வைங்க, சொல்லுதேன். பெறகு ஒரு விசயம் உங்ககிட்ட கேக்கவும் வேண்டியிருக்கு. இப்ப நான் ஒரு வீட்டுக்குப் போயிட்டு வாறேன். அந்த வீட்டுக்காரன் பஸ் ஸ்டாப்புல வச்சு ஒரு வார்த்தை சொன்னான். அது எனக்கு விளங்கல. நீங்க படிச்சவர் மாதிரி இருக்கீங்க.

மூணு வருசம் ஆகப் போவுது. வளைகுடாவுல ஒரு துறைமுகம், பேரு வேண்டாம். சிமெண்டு ஏத்துற பழைய கப்பல். முதலாளிக்கும் இன்னொரு கம்பெனிக்கும் ஏதோ வழக்கு, கோர்ட்டு கப்பலைப் பிடிச்சு வச்சுட்டு. கரையிலேருந்து ஆறு மைல் தள்ளி நங்கூரம் போட்டு நில்லுன்னாங்க. நின்னோம். முதலாளி போன் எடுக்குறதை நிறுத்திட்டான். பதினாலு பேர் இருந்தோம். ஒவ்வொரு நாட்டுக்காரனையும் அவனவன் தூதரகம் பேசிக் கொண்டுபோச்சு. கேப்டன் உடம்பைக் காட்டி முதல்லயே போயிட்டார். கடைசியில மூணு பேர். மூணு பேருக்குக் கொறஞ்சா கப்பலைக் கடல்ல விட்டு வைக்கக் கூடாதுன்னு அந்தத் துறைமுகத்துச் சட்டம். அந்த மூணு பேரும் நாங்கதான்.

சீஃப் ஆபீசர் திருவேங்கடம், மன்னார்குடிக்காரர். கேப்டன் போன பெறகு அவர்தான் எல்லாத்துக்கும் பொறுப்பு. குக்கு நைனா முகம்மது, கீழக்கரைக்குப் பக்கத்துல ஒரு ஊரு. மூணாவது நான். பாஸ்போர்ட்டெல்லாம் கரையில ஏஜென்ட் ஆபீஸ்ல. ரெண்டு வாரத்துக்கு ஒருக்க ஒரு போட்டு வரும், தண்ணி, அரிசி, பருப்பு, கொஞ்சம் டீசல் இறக்கிட்டுப் போயிரும். டீசலை மிச்சம் பிடிக்கணும்னு ஜெனரேட்டர் காலையில ஒம்பதுலேருந்து பதினொண்ணு வரைக்கும்தான் ஓடும். அதுக்கு மேல விசிறி கிடையாது, விளக்கு கிடையாது. இரும்பு சுடும். கப்பலோட முன்னாலேருந்து பின்னால வரைக்கும் நூத்திப் பன்னெண்டு எட்டு. திரும்பி வந்தாலும் நூத்திப் பன்னெண்டுதான். எத்தனை தடவை எண்ணியிருப்பேன்னு நெனைக்கீங்க. கரை தெரியும் அண்ணாச்சி, அதுதான் கொடுமை. உயரமான கட்டடமெல்லாம் வெயில்ல மினுங்கும். பைனாகுலர் வச்சுப் பாத்தா ரோட்டுல காரு போறது தெரியும். நான் பைனாகுலரை எடுக்குறதையே விட்டுட்டேன்.

செஸ் போர்டு சீஃபோடது. நல்ல மரக் காய். அவருக்கு அது ஒரு பித்து. வயசுல இருக்கும்போது புதிர் போட்டு வெளிநாட்டுப் பத்திரிகைக்குத் தபால்ல அனுப்புவாராம், இத்தனை ஆட்டத்துல மேட் பண்ணுன்னு வருமே, அந்த மாதிரி. எனக்கு ஆட்டம் சுமாராத் தெரியும். நானும் அவரும் சரக்கு இறக்குற ஹேட்ச் மூடி மேல உக்காந்து ஆடுவோம். நைனாவுக்கு ஒண்ணும் தெரியாது. அரிசியில கல்லுப் பொறுக்கிக்கிட்டே பக்கத்துல உக்காந்து பாப்பான்.

ரெண்டாவது மாசம் ஒரு காத்து வந்துச்சு. மணலை வாரிக்கிட்டு வாற காத்து. கப்பல் ஒரே சாய்ப்புல சாஞ்சுச்சு, போர்டு சறுக்கிக்கிட்டே போய் கம்பியில முட்டி, காயெல்லாம் செதறிப் போச்சு. பொறுக்கி எண்ணினா மூணு குதிரையும் ஒரு யானையும் காணோம். கடலுக்குள்ள போயிட்டு. சீஃப் ரெண்டு நாள் அந்தக் கம்பி ஓரமாவே நின்னு தண்ணியைப் பாத்துக்கிட்டு இருந்தார். அவருக்குப் பேச்சுத் துணையே அந்தக் காய்கள்தான்.

நான்தான் சொன்னேன், சார், லேத்து இருக்கு, பழைய வால்வுப் பித்தளை கிடக்கு, நான் கடைஞ்சு தாறேன்னு. ஜெனரேட்டர் ஓடுற ரெண்டு மணி நேரத்துல யானையை முடிச்சுட்டேன். குதிரையிலதான் மாட்டிக்கிட்டேன். லேத்துல என்ன வரும்? உருட்டாத்தான் வரும். யானை வரும், பிஷப்பு வரும், ராணி வரும். குதிரை மூஞ்சி எப்படி வரும்? நாலு நாள் அரம் வச்சு ராவிப் பாத்தேன். நாய் மாதிரியும் இல்ல, மீன் மாதிரியும் இல்ல. கொண்டுபோய்க் குடுத்தேன். சீஃப் அதைக் கையில வச்சு உருட்டி உருட்டிப் பாத்தார். பாத்துட்டு, இது குதிரை இல்ல கஸ்பார், குதிரை மாதிரி ஓடச் சொன்னா இது கேக்காது, இதுக்குன்னு ஒரு ஓட்டம் குடுப்போம்னார். அன்னைக்குத்தான் சொன்னார், அவர் புதிர் அனுப்பின பத்திரிகையில இப்படி வழக்கத்துல இல்லாத காய்களை வச்சே ஆடுற ஒரு கூட்டம் உலகம் பூரா உண்டுன்னு.

அப்படி வந்ததுதான் வெட்டுக்கிளி. அது ராணி போற கோட்டுல எல்லாம் போகும், நேராவும் போகும், குறுக்காவும் போகும். ஆனா சும்மா போகாது. வழியில ஒரு காய் இருக்கணும். நம்ம காயோ எதிராளி காயோ, யாராவது ஒருத்தர். அவரைத் தாண்டிக் குதிச்சு, அவருக்கு அடுத்த கட்டத்துல இறங்கணும். அந்தக் கட்டத்துல எதிராளி இருந்தா வெட்டலாம். தாண்ட ஆள் இல்லன்னா அது எத்தனை ஆட்டம் ஆனாலும் இருந்த இடத்துலயே கிடக்கும். நான் கேட்டேன், தாண்டப்பட்ட காய்க்கு என்ன சார் ஆகும்னு. ஒண்ணும் ஆகாது, அது இருந்த இடத்துலயே இருக்கும்னார். நல்ல காய் அண்ணாச்சி. யாருக்கும் சேதமில்ல. எனக்கு அதுதான் பிடிக்கும்.

அடுத்தது ஒட்டகம். ரெண்டு குமிழ் நட்டை ஒரு அடிக்கட்டை மேல பத்த வச்சு முதுகு செஞ்சேன். குதிரை ரெண்டு கட்டம் போய் ஒரு கட்டம் திரும்புமில்ல, ஒட்டகம் மூணு கட்டம் போய் ஒரு கட்டம் திரும்பும். வழியில யார் நின்னாலும் அதுக்குக் கவலை கிடையாது. ஆனா பாவம், கறுப்புக் கட்டத்துல வச்சா கடைசி வரைக்கும் கறுப்புலதான். பாதி போர்டை அது கண்ணால பாக்கத்தான் செய்யும், மிதிக்க முடியாது. சீஃப் அதை விளக்கும்போது நைனா அரிசித் தட்டைக் கீழ வச்சுட்டு, ஒரு கட்டம்தான் பக்கத்துல, அதுக்கும் போக முடியாதா சார்னு கேட்டான். போக முடியாதுன்னார். அவன் எந்திரிச்சு உலையைப் பாக்கப் போயிட்டான்.

நைனாவுக்கு ஆட்டம் சொல்லிக் குடுத்தது நான்தான். அவன்கிட்டயே கேட்டுப் பாருங்க. மூணே வாரத்துல என்னை ஜெயிச்சுட்டான். நான் அன்னைக்கு அசதியா இருந்தேன். மறுநாளும் ஜெயிச்சான். வெயிலு வேற. சாதாரணக் காய் வச்சு ஆடினா நான் விட்டிருக்க மாட்டேன், இந்த வெட்டுக்கிளி வந்ததுலதான் எனக்குக் குழம்பிப் போச்சு. அவனுக்குக் குழம்பல. சமையக்கட்டுல சின்ன இடத்துக்குள்ள எதைத் தாண்டி எதை எடுக்கணும்னே பழகினவன்ல, அதனாலயா இருக்கும்.

அவனுக்கு முப்பத்தெட்டு வயசு. கல்யாணமாகிப் பதினோரு வருசம். ரெண்டு தடவை தங்காமப் போயிருக்கு. இந்தக் கப்பல் ஏறும்போது அவன் பொண்டாட்டி ஜொகரா ரெண்டு மாசம். நாலு மாசத்துல இறங்கிரலாம்னு ஏஜென்ட் சொன்னதை நம்பித்தான் ஏறியிருக்கான். போன் சிக்னல் வீல்ஹவுஸ், அதாவது கப்பல் ஓட்டுற அறை, அதோட கூரை மேல ஏறினாத்தான் கிடைக்கும், அதுவும் காத்து இல்லாத அன்னைக்கு. தினம் ஏறுவான். இறங்கி வந்து எங்ககிட்ட சொல்லுவான், அண்ணே, இன்னைக்கு அசைஞ்சுச்சாம்னு. நாங்களும் கேட்டுக்குவோம். மூணு பேருக்கும் அந்தக் கப்பல்ல வேற சேதி ஏது?

அந்தச் சமயத்துலதான் அவன் ஒரு காய் கேட்டான். அவனா யோசிச்ச காய். தோணி. யானை மாதிரி நேராப் போகும். ஆனா போகும்போது பக்கத்துக் கட்டத்துல நிக்கிற நம்ம காய் ஒண்ணைக் கூடவே கூட்டிட்டுப் போகலாம். போய்ச் சேர்ந்த இடத்துல பக்கத்துலயே இறக்கி விடணும். ஒண்ணுதான், ரெண்டு கிடையாது. சீஃப் ஒரு நாள் பூரா அதை யோசிச்சார். இந்தப் பத்திரிகைக்காரன் ஒருத்தனும் நெனச்சதில்ல இதை, குக்கு நெனச்சுட்டான்னார். நான் நல்ல பித்தளையாப் பாத்து எடுத்து, அடி வளைவாக் கடைஞ்சு, நடுவுல ஒரு ஆள் நிக்கிற மாதிரி குழி போட்டுக் குடுத்தேன். நான் செஞ்சதுலயே நல்ல வேலை அதுதான்.

ஏழாவது மாசம் போட்டு வந்த அன்னைக்கு, ஏஜென்ட் ஆபீஸ்லேருந்து சசிதரன்னு ஒருத்தர் கூட வந்தார். மலையாளி, தமிழ் நல்லாப் பேசுவார். காவலுக்கு ஒரு ஆள் கிடைச்சிருக்கான், அவனை ஏத்திட்டா உங்கள்ல ஒருத்தர் இறங்கலாம், பேரை எழுதிக் குடுங்க, பத்து நாள்ல கூட்டிட்டுப் போறேன்னார். ஒருத்தர்தான்.

பொறுப்பு ஆபீசர் இறங்க முடியாது. அப்ப நைனா, இல்லன்னா நான். சீஃப் யோசிக்கவே இல்ல. நைனா பேரை எழுதினார். ஜொகராவுக்கு ஒம்பதாவது மாசம் தொடங்கியிருந்துச்சு. நான் முழு மனசோட சரின்னேன். நானே பேனாவை எடுத்துக் குடுத்தேன். வேணும்னா சீஃபைக் கேட்டுப் பாருங்க. எனக்கும் வீட்டுல ஆள் இருக்கு, எனக்கும் ஏழு மாசம்தான், நூத்திப் பன்னெண்டு எட்டு எனக்கும் அதேதான். ஆனா ஒரு சொல் சொல்லல.

அந்தப் பத்து நாள் எனக்குத் தூக்கம் சரியில்ல. பகல்ல பொழுது போகாம கப்பல்ல இருக்குற வைத்தியப் புஸ்தகத்தை எடுத்துப் படிச்சுக்கிட்டு இருந்தேன். எல்லாக் கப்பல்லயும் ஒண்ணு இருக்கும். அதுல நெஞ்சுவலி பத்தி நாலு பக்கம். இடது தோள்ல பிடிச்சு கை வழியா இறங்கும், வேர்க்கும், குமட்டும்னு போட்டிருந்துச்சு. பேரை எழுதிக் குடுத்த அன்னைக்கு சசிதரன்கிட்டகூட பேச்சுவாக்குல கேட்டேன், திடீர்னு யாருக்காவது உடம்புக்கு வந்தா என்ன செய்வீங்கன்னு. அப்படின்னா சட்டம் கிட்டம் பாக்க முடியாது, உடனே கரைக்குக் கொண்டுபோயிருவோம்னார். சும்மா பேச்சுக்குக் கேட்டதுதான்.

பத்தாவது நாள் காலையில பத்து மணிக்குப் போட்டு வந்து ஒட்டி நின்னுச்சு. நைனா குளிச்சு, வெள்ளைச் சட்டை போட்டு, தொப்பி வச்சு மாப்பிள்ளை மாதிரி நின்னான். காவலுக்கு வந்தவன் மேல ஏறிட்டான். நான் நைனாவோட பையைத் தூக்கிட்டு ஏணிப் பக்கம் போனேன். அவனுக்கு உதவியாத்தான் போனேன். அங்க வச்சுத்தான் வந்துச்சு. இடது தோள்ல பிடிச்சு கை வழியா இறங்குச்சு. வேர்த்துச்சு. பையைப் போட்டுட்டு உக்காந்தேன், பெறகு படுத்துட்டேன்.

வலி உண்மை அண்ணாச்சி. நீங்க கேக்க மாட்டீங்க, ஆனா கேக்கணும்னு நெனைப்பீங்கல்ல, அதனால சொல்லுதேன். அன்னைக்கு நான் ஷூ போட்டிருந்ததைப் பத்திப் பெறகு யாரோ பேசினாங்களாம். டெக்கு சுடும், ஷூ இல்லாம எப்படி நிக்கிறது? என் பெட்டி கட்டி வச்சிருந்துச்சுன்னா, ஏழு மாசமா கட்டி வச்சதுதான் அது, எப்ப வேணாலும் போகணும்னு எல்லாரும்தான் கட்டி வச்சிருந்தோம்.

சசிதரன் பதறிட்டார். இவரைக் கொண்டுபோறேன், அப்ப இன்னொருத்தர் இறங்கினா ரெண்டு பேர்தான் மிஞ்சும், மூணு வேணும், இவர் இருக்கணும்னு நைனாவைக் காட்டினார். நைனா யோசிக்கிறதுக்கு ஒரு மூச்சு எடுத்துருப்பான், அவ்வளவுதான்.

"அண்ணனைக் கொண்டுபோங்க. நான் அடுத்த போட்டுல வாறேன்," அப்படின்னான்.

தான் போட்டிருந்த லைஃப் ஜாக்கெட்டைக் கழட்டி எனக்கு மாட்டி, கயித்தை அவனே கட்டினான். என் பெட்டியை எடுத்துட்டு வந்தான். சீஃப் மட்டும் எட்ட நின்னு பாத்துக்கிட்டே இருந்தார். கடைசியில குனிஞ்சு கேட்டார்.

"வலி எந்தப் பக்கம் கஸ்பார்?"

நான் இடது பக்கம் கையை வச்சேன். சரின்னு தலையை ஆட்டிட்டு நிமிந்துட்டார். அவர் ஏன் அப்படிக் கேட்டார்னு தெரியல. ஆபீசர்னா கேக்கணும்தானே, பதிவுல எழுதணும்ல.

கரையில ஆஸ்பத்திரியில ரெண்டு நாள் வச்சுப் பாத்துட்டு, வாய்வுன்னு எழுதிக் குடுத்துட்டாங்க. வாய்வுல இப்படி வலிக்குமா? அங்க என்ன மிசினு இருக்கோ, என்ன டாக்டரோ. திரும்பிக் கப்பலுக்குப் போறேன்னு சொல்லணும்னுதான் இருந்தேன். நான் வாயைத் திறக்குறதுக்குள்ள, நெஞ்சுக் கோளாறு உள்ளவனைக் கப்பல்ல வைக்க மாட்டோம்னு ஊருக்கு டிக்கெட்டைக் கையில குடுத்துட்டாங்க. நான் என்ன செய்ய முடியும்?

நைனா அடுத்த போட்டுல வந்துருவான்னுதான் நான் நெனச்சேன். சத்தியமா. ஏன்னா அவன் பேரு எழுதின தாள் அப்படியே இருக்கு, நான் போனது வேற வழி, அவன் இடத்தை நான் எடுக்கல. ஆனா ஏஜென்ட் ஆபீஸ்ல வேற மாதிரி பாத்துட்டாங்க. காவலுக்கு வந்தவன் எனக்குப் பதிலாம். நைனாவுக்குப் பதிலா இன்னொருத்தன் வேணுமாம். அந்த இன்னொருத்தன் வரவே இல்ல. கொஞ்ச நாள்ல சசிதரனும் வேலையை விட்டுப் போயிட்டாராம். பதினாலு மாசம் அண்ணாச்சி. கோர்ட்டுல கப்பலை ஏலம் போட்டு முடிஞ்ச பெறகுதான் அவங்களை இறக்கினாங்க. பதினாலு மாசம்.

நான் ஊருக்கு வந்து பதினெட்டாவது நாள் சீஃப்கிட்டயிருந்து ஒரு சேதி வந்துச்சு. ஒரே வரி. பெண் குழந்தை, தாய் பிழைத்துக்கொண்டாள்னு. பிழைத்துக்கொண்டாள்னா என்ன அர்த்தம்? விசாரிச்சேன். ஜொகராவுக்கு ரத்தம் நிக்காம ஒம்பது நாள் ஆஸ்பத்திரியில இருந்திருக்கா. அந்த ஒம்பது நாளும் இவன் வீல்ஹவுஸ் கூரையை விட்டு இறங்கலயாம், போனைப் பிடிச்சுக்கிட்டு. சோறு மேல கொண்டுபோய்க் குடுத்தாராம் சீஃப். நான் இருந்தா மட்டும் என்ன ஆகியிருக்கும்? நான் டாக்டரா? அவன் இருந்தாலும்தான் என்ன ஆகியிருக்கும். பக்கத்துல நின்னுருப்பான். அவ்வளவுதானே.

நைனாவுக்குப் போன் பண்ணுவேன். எடுப்பான். அண்ணே, உடம்பு எப்படி இருக்குன்னுதான் முதல் வார்த்தையாக் கேப்பான். எங்க வலிச்சுச்சு, ஏன் வலிச்சுச்சு, ஒண்ணும் கேக்க மாட்டான். ஒரு சண்டை போட்டான்னா நானும் நாலு பதில் வச்சிருந்தேன், எல்லாம் சொல்லியிருப்பேன். கேக்காதவன்கிட்ட எப்படிச் சொல்றது? என் மனக்குறையே இதுதான் அண்ணாச்சி. ஒரு மனுசன் நம்ம மேல கோவம் இருந்தா அதைக் கேட்டுரணும்ல. சீஃப் அப்படி இல்ல, நான் கூப்பிட்டா எடுக்குறதே இல்ல. அது ஒரு வகையில பரவாயில்லன்னு இருக்கு.

நைனா ஊருக்கு வந்து பத்து மாசம் ஆச்சு. போகணும் போகணும்னு இருந்தேன். வேலை இருந்துச்சு. இன்னைக்குத்தான் பொறப்பட்டேன். பிள்ளைக்கு ஒரு கவுனும் மக்ரூன் ஒரு கிலோவும் வாங்கிட்டுப் போனேன்.

வாசல்லயே வந்து கட்டிப் பிடிச்சுக்கிட்டான். இளைச்சுட்டான், தாடி நரைச்சுட்டு. கூடத்துல உக்கார வச்சு, பிள்ளையைத் தூக்கி என் மடியில வச்சான். நஸீபான்னு பேரு. ரெண்டு வயசு, கொழுகொழுன்னு இருக்கு. என் மூக்குக் கண்ணாடியைப் பிடிச்சு இழுத்துச்சு. அவன்கிட்ட இன்னும் சரியா ஒட்டலயாம், அத்தாவைப் பாத்தா இவன் மாமியார்கிட்ட ஓடிருதாம். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னான்.

என் பித்தளைக் காயெல்லாம் எங்கன்னு கேட்டேன். சீஃப் மன்னார்குடிக்குக் கொண்டுபோயிட்டாராம், அதை வச்சுப் புதிர் போட்டு மறுபடி பத்திரிகைக்கு அனுப்புதாராம். சந்தோசம்தான். ஆனா ஒண்ணு சொன்னான், எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. தோணிக்குச் சட்டத்தை மாத்திட்டாங்களாம். ஒரு காயைக் கொண்டுபோய் இறக்கி விட்டா, அடுத்த முறையே தோணி கட்டாயம் பழைய இடத்துக்குத் திரும்பி வரணுமாம், மிச்சம் நிக்கிறவங்களுக்காக. நான் சொன்னேன், அப்படி வச்சா ஆட்டம் மந்தமாயிருமே, நீ ஆட வேண்டிய முறை பூரா அதுலயே போயிருமேன்னு. ஆமாண்ணே, மந்தமாத்தான் இருந்துச்சு, எங்களுக்குப் பொழுது நெறைய இருந்துச்சுல்லன்னான். செஞ்சவன் நான், என்னைக் கேட்டு மாத்தியிருக்கலாம். போகட்டும்.

மத்தியானம் சாப்பிட உக்கார வச்சான். அவனுக்கு ஆட்டுக்கறியும் நெய்ச்சோறும். எனக்கு மட்டும் தனியா ஒரு தட்டு. வெறும் சோறு, எண்ணெய் விடாத மீன் ஆணம், குழம்பை அவங்க அப்படித்தான் சொல்லுவாங்க, அவிச்ச காய். உப்பே இல்ல. எனக்கு ஒண்ணும் புரியல. அப்பத்தான் கதவுத் திரைக்குப் பின்னாலேருந்து ஜொகரா பேசினா. நான் அவளைப் பாத்தது கிடையாது, குரல்தான். மெல்லிசா, நிதானமா இருந்துச்சு.

"நெஞ்சுவலி இப்ப எப்படி இருக்குண்ணே? நீங்க தரையில விழுந்து துடிச்சதை இவுக சொல்லி அழுதாக. அன்னையிலேருந்து அஞ்சு நேரமும் உங்களுக்குத்தான் முதல்ல துஆ கேக்கேன். பிரசவத்துல நெனவு தப்புறதுக்கு முன்னாடிகூட, அந்த அண்ணன் பிழைச்சு வந்தது மாதிரி என்னையும் பிழைக்க வைன்னுதான் கேட்டேன்."

கையில எடுத்த சோறு கையிலயே இருக்கு. என்ன சொல்லணும் நான்? நீங்களா இருந்தா என்ன சொல்லியிருப்பீங்க? அந்த வீட்டுல ஒரு பொம்பளை ரெண்டு வருசமா, ஒரு நாளைக்கு அஞ்சு நேரம். வாய்வுன்னு சொல்லட்டுமா? ஒண்ணுமில்லன்னு சொல்லட்டுமா?

"இப்பவும் அப்பப்ப வருதும்மா," அப்படின்னுட்டேன்.

அல்லான்னு ஒரு சத்தம் திரைக்குப் பின்னால. இனிமே இன்னும் கூடக் கேக்கேண்ணேன்னா.

நைனா எந்திரிச்சுக் கை கழுவப் போயிட்டான். நெய்ச்சோறு பாதித் தட்டுல அப்படியே கிடந்துச்சு. அவனுக்கு என்னமோ பசியில்ல போல. கொல்லையில தண்ணி ஊத்துற சத்தம் ரொம்ப நேரம் கேட்டுச்சு. நான் அந்த உப்பில்லாச் சோத்தை ஒரு பருக்கை விடாமத் தின்னேன்.

பெறகு பஸ் ஏத்தி விட கீழக்கரை வரைக்கும் கூடவே வந்தான். பஸ் ஸ்டாப்புல நிழல்ல நின்னோம். இந்த பஸ் தூரத்துல வாறது தெரிஞ்சதும்தான் பேசினான். என் முகத்தைப் பாக்கல, ரோட்டைப் பாத்துக்கிட்டே சொன்னான்.

"அண்ணே, அவகிட்ட என்னைக்கும் வேற எதுவும் சொல்லிராதீங்க. உங்க உசிரைக் காப்பாத்தத்தான் நான் வராமப் போனேன்னு நெனச்சுக்கிட்டு இருக்கா. அதை வச்சுத்தான் என்னை மன்னிச்சிருக்கா."

அவ்வளவுதான். பஸ் நின்னுச்சு, ஏறிட்டேன். திரும்பிப் பாத்தேன், கையைக் காட்டினான். எப்பவும் போல சிரிச்சான்.

நான் கேக்கேன், வேற எதுவும்னா என்ன அண்ணாச்சி? என்கிட்ட வேற என்ன இருக்கு சொல்ல? நெஞ்சுவலி வந்துச்சு, போனேன். இதுல வேற எதுவும் எங்க இருந்து வந்துச்சு? நீங்க ஏன் வெளியில பாக்குதீங்க? ஓ, வேம்பார் வந்துட்டா. சரி, இறங்குங்க, பாத்து. உங்க ஆட்டத்தையும் கெடுத்துட்டேன்.

ஒரு நிமிசம், அந்தப் பையை மட்டும் இப்படி நகட்டி வச்சுட்டுப் போங்க, சாஞ்சிரப் போவுது. உள்ள பாட்டில் இருக்கு. பூண்டைத் தேன்ல ஊறப் போட்டு ஜொகரா குடுத்தனுப்பினது, நெஞ்சுக்கு நல்லதாம். காலையில ஒரு கரண்டி, ராத்திரி ஒரு கரண்டி, ஒரு நாளும் விடக் கூடாதுன்னு திரைக்குப் பின்னாலேருந்து ரெண்டு தடவை சொன்னா. தீர்ந்ததும் போன் பண்ணணுமாம். அடுத்தது போட்டு வச்சிருப்பாளாம்.